கன்டெய்னருக்குள் திரை, ஒலி, நெட்வொர்க்: அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிப்பது

கன்டெய்னருக்குள் ஒரு உலாவியையோ விளையாட்டையோ ஓட்ட முயன்றவர்களுக்கு இந்த மூன்று தொல்லையும் பழக்கம்தான். சன்னல் திறக்காது. திறந்தால் சத்தம் வராது. சத்தமும் வந்துவிட்டால் இணையம் பாதி வேலை செய்து பாதியில் நிற்கும். தேடினால் ஆளுக்கொரு கட்டளை கிடைக்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, எது சரிசெய்தது என்றே தெரியாமல் ஒருநாள் ஓடத் தொடங்கும். அடுத்த மறுதொடக்கத்தில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

கன்டெய்னர் தனிக் கணினி இல்லை. ஹோஸ்ட் என்பது அது ஓடும் உண்மையான கணினி. கெர்னல் ஹோஸ்டுடையது, டிரைவர் ஹோஸ்டுடையது, ஸ்பீக்கரும் ஹோஸ்டுடையதுதான். உள்ளே ஓடும் நிரல் வெளியே இருப்பவற்றோடு பேச ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் வேண்டும். திரைக்கு ஒரு சாக்கெட் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முனை), ஜிபியுவுக்கு ஒரு சாதனக் கோப்பு, ஒலிக்கு இன்னொரு சாக்கெட், நெட்வொர்க்குக்கு ஒரு முனை உள்ளேயும் மறு முனை ஹோஸ்டின் பிரிட்ஜிலும் (மென்பொருள் சுவிட்ச்) இருக்கும் வெத் இணை (மெய்நிகர் கேபிள்). ஆகவே எந்த அறிகுறியானாலும் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். வாசல் உள்ளே தெரிகிறதா? தெரிந்தால் நுழைய அனுமதி இருக்கிறதா? நுழைந்தபின் பதில் சொல்வது நாம் தேடி வந்த ஆள்தானா?

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உண்மையான ஆள் கிடைக்காதபோது லினக்ஸ் பல இடங்களில் பிழை சொல்லாமல் ஒரு மாற்று ஆளை உட்கார வைத்துவிடும். அந்த மாற்று ஆளிடம் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

கீழே உள்ளவை இன்கஸ், எல்எக்ஸ்டி போன்ற கன்டெய்னர் மேலாளர்களில், சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியோடு முழுதாக பூட் ஆகும், ஹோஸ்டில் ரூட் உரிமை இல்லாத கன்டெய்னர்களை மனத்தில் வைத்து எழுதியவை. டாக்கரில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

## ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று சொல்லி நிரல் நின்றுவிடுகிறது

முதலில், எந்தத் திரையில் வரைவது என்று சொல்லும் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறிக்கு மதிப்பு இருக்கிறதா என்று உள்ளே எக்கோ செய்து பாருங்கள். ஹோஸ்டிலிருந்து எக்ஸெக் கட்டளை வழியாக நுழைந்தால் உங்கள் டெஸ்க்டாப்பின் மாறிகள் கூடவே வராது. உள்ளே போய் ‘எஸ்யு’ போட்டுப் பயனரை மாற்றினால், கொடுத்து வைத்திருந்ததும் அழிந்துபோகலாம். மதிப்பு ‘:0’ என்றால் எக்ஸ் சர்வரின் (எக்ஸ்11 முறையில் திரையை நடத்தும் நிரல்) எக்ஸ்0 என்ற சாக்கெட், ‘:1’ என்றால் எக்ஸ்1. ஹோஸ்டில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருந்தால் அதோடு வேலை முடிந்தது, எண்ணை மாற்றினால் போதும்.

மாறி சரியாக இருந்தால் அடுத்து சாக்கெட் கோப்பு. அது டெம்ப் அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்11-யுனிக்ஸ் என்ற மறைவு அடைவில் இருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுவார்கள். அமைப்பில் ஹோஸ்டின் அந்த அடைவை மவுன்ட் செய்திருப்பதாக, அதாவது உள்ளே தெரியும்படி இணைத்திருப்பதாகத் தெளிவாக எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் காலி.

காரணம் நேர வரிசை. கன்டெய்னர் எழும்போது இன்கஸ் முதலில் உங்கள் அடைவை மவுன்ட் செய்கிறது. அதன்பின் உள்ளே சிஸ்டம்டி எழுந்து, டெம்ப் அடைவின் மேல் புதிதாக ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை (நினைவகத்தில் இருக்கும் தற்காலிகக் கோப்பு முறைமை) விரிக்கிறது. நீங்கள் வைத்தது அடியில் அப்படியே இருக்கும், மேலே விரித்த பாயில் ஒன்றும் இருக்காது. டெபியன் 13-இலிருந்து டெம்ப் அடைவு இயல்பாகவே டெம்ப்எஃப்எஸ். அதனால் டெபியன் 12-இல் ஓடிக்கொண்டிருந்த அதே அமைப்பு, உள்ளே பதிப்பை ஏற்றியதும் நின்றுபோகலாம். டெம்ப்எஃப்எஸ் இல்லாவிட்டாலும்கூட, சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் விதி ஒன்று பூட் ஆகும்போது அந்த மறைவு அடைவைக் காலிசெய்யப் பார்க்கும். உள்ளே ‘ஃபைண்ட்மவுன்ட்’ போட்டு, டெம்ப் அடைவின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு வரியில் தெரிந்துவிடும்.

தீர்வு, டெம்ப் அடைவில் மவுன்ட் செய்யாமலிருப்பது. ஹோஸ்டின் சாக்கெட் அடைவை உள்ளே எம்என்டி அடைவின் கீழ் யாரும் தொடாத ஓரிடத்தில் மவுன்ட் செய்யுங்கள். பிறகு கன்டெய்னருக்குள் டெம்ப்ஃபைல்ஸ் விதி ஒன்றை எழுதி, ஒவ்வொரு பூட்டிலும் டெம்ப் அடைவின் அந்த மறைவு அடைவில் எக்ஸ்0 என்ற பெயரில், இந்த இடத்தைக் காட்டும் ஒரு சிம்லிங்க் உருவாகும்படி செய்யுங்கள். விதியின் வகை எழுத்து ‘எல்’, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இதை ஒருமுறை செய்தபின் இந்தப் பிரச்சினைக்கு நான் திரும்பவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. எக்ஸ் சர்வர்கள் பலவும் கோப்பு வடிவில் ஒரு சாக்கெட்டோடு, கோப்பே இல்லாத ‘அப்ஸ்ட்ராக்ட்’ சாக்கெட் ஒன்றையும் திறந்து வைக்கும். அது கோப்பு முறைமையைச் சேர்ந்ததில்லை, நெட்வொர்க் நேம்ஸ்பேஸை (கெர்னல் பிரித்துக் கொடுக்கும் தனி நெட்வொர்க் பகுதி) சேர்ந்தது. ஹோஸ்டின் நெட்வொர்க்கையே கன்டெய்னருக்குக் கொடுத்தால் எதையும் மவுன்ட் செய்யாமலே சன்னல் திறப்பது இதனால்தான். தனி நெட்வொர்க்குக்கு மாற்றிய அன்றைக்கு திரை போய்விட்டது என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், அவர் சொல்வது சரி.

## ‘ஆத்தரைசேஷன் ரெக்வயர்டு’ என்கிறது

வாசல் தெரிகிறது, அனுமதி இல்லை. இதற்கு வலையெங்கும் கிடைக்கும் மருந்து ‘எக்ஸ்ஹோஸ்ட் +’. அது யாரையும் திரையில் இணைய விட்டுவிடும், போடாதீர்கள். எக்ஸ்11-இல் இணைந்த எந்த நிரலும் மற்ற சன்னல்களில் நீங்கள் தட்டும் எழுத்தைப் படிக்க முடியும். கன்டெய்னர் வைத்ததே பிரித்து வைக்கத்தானே, பிறகு எதற்குக் கதவைக் கழற்றி வைப்பது?

அனுமதி ஏன் இல்லை என்று பார்ப்போம். உள்ளே உங்கள் பயனர் எண் 1000. வெளியே அது 1000 இல்லை. இன்கஸ் வழக்கமாக 1000000-லிருந்து எண்களை ஒதுக்குவதால், எக்ஸ் சர்வரின் கண்ணுக்கு அந்த நிரல் 1001000 என்ற பயனர். ஹோஸ்டில் ‘பிஎஸ்’ போட்டுப் பார்த்தால் அந்த எண்ணே தெரியும். உங்கள் பெயருக்குக் கொடுத்த அனுமதி இந்த அந்நியருக்குப் பொருந்தாது.

மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, அந்த எண்ணுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. எக்ஸ்ஹோஸ்டில் ‘எஸ்ஐ:லோக்கல்யூசர்:’ என்பதன் பின் ஹாஷ் குறியோடு 1001000 என்று எழுதினால், பயனர் பெயரே இல்லாத எண்ணையும் அது ஏற்கும். இது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, ஐடிமேப் (உள் எண்ணை வெளி எண்ணோடு பொருத்தும் பட்டியல்) வழியாக உள்ளே உள்ள 1000-ஐ வெளியே உள்ள 1000-ஆகவே வைப்பது. இதற்கு ஹோஸ்டின் சப்யுஐடி, சப்ஜிஐடி கோப்புகளில் ரூட்டுக்கு அந்த ஒரு எண்ணை ஒதுக்க வேண்டும். வசதியானது, ஆனால் அந்தக் கன்டெய்னரை உடைத்து வெளியேறும் நிரல் நேரே நீங்களாகவே வந்து நிற்கும். மூன்றாவது, இன்கஸின் ப்ராக்ஸி சாதனம். இதில் ஹோஸ்டிலேயே ஓடும் ஒரு இடைத்தரகர் நிரல் உங்கள் சார்பில் போய் இணையும். அது எந்தப் பயனர் எண்ணில் இணைய வேண்டும் என்பதை ‘செக்யூரிட்டி.யுஐடி’ என்ற அமைப்பில் சொல்லலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

எக்ஸ் சர்வரின் நுழைவுச் சீட்டான குக்கீ இருக்கும் எக்ஸ்ஆத்தரிட்டி கோப்பை உள்ளே நகலெடுத்தும் வேலை செய்யவில்லை என்றால், ஹோஸ்ட்பெயரைப் பாருங்கள். குக்கீ ஹோஸ்டின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது, கன்டெய்னருக்கு வேறு பெயர். ‘எக்ஸ்ஆத் என்லிஸ்ட்’ தரும் வரியின் முதல் நான்கு எழுத்தை நான்கு ‘எஃப்’ ஆக மாற்றி மறுபடி சேர்த்தால் எந்தப் பெயருக்கும் பொருந்தும்.

## வேலேண்ட் சாக்கெட் வைத்தேன், உள்நுழைந்ததும் காணாமல் போகிறது

வேலேண்ட் எக்ஸ்11-க்கு அடுத்து வந்த திரை முறை. மேலே டெம்ப் அடைவுக்குச் சொன்ன அதே பாய்க் கதைதான். ரன் அடைவுக்குள் யூசர், அதற்குள் 1000 என்ற அடைவை உருவாக்குவது, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டி. பயனர் முறையாக உள்நுழையும்போது அதன் மேல் ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை விரிக்கும், வெளியேறியதும் சுருட்டிவிடும். எக்ஸெக் வழியாக நேராக நுழைந்தால் உள்நுழைவே நடப்பதில்லை, அந்த அடைவும் இருக்காது.

சாக்கெட்டை வேறு இடத்தில் வைத்து, வேலேண்ட் டிஸ்ப்ளே மாறியில் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். சாய்வுக்கோட்டில் தொடங்கும் பாதையாக இருந்தால் அது ரன்டைம் அடைவைத் தேடாது. ஆனால் எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் மாறியும் செல்லுபடியாகும் ஒரு அடைவைக் காட்டட்டும், பல நிரல்கள் வேறு காரியங்களுக்கு அதைக் கேட்கும். அனுமதிக் கணக்கு இங்கும் அதேதான். சாக்கெட்டில் இணைய எழுதும் உரிமை வேண்டும், அது ஹோஸ்டில் உங்கள் 1000-க்கு மட்டும் இருக்கும்.

## சன்னல் திறக்கிறது, உள்ளே கறுப்பு அல்லது குப்பை

எக்ஸ்11-இன் பகிர்நினைவு வசதி. நிரலும் சர்வரும் ஒரே நினைவகத்தைப் பகிர நினைக்கின்றன, ஐபிசி நேம்ஸ்பேஸ் வேறு வேறு. ‘பேட்ஆக்சஸ்’ என்ற பிழையும் ‘எக்ஸ்_ஷ்ம்அட்டாச்’ என்ற சொல்லும் பதிவில் இருந்தால் இதுதான். க்யூடி நிரல்களுக்கு க்யூடி_எக்ஸ்11_நோ_எம்ஐடிஎஸ்எச்எம் மாறியை 1 ஆக்குங்கள். டாக்கரில் ஐபிசியை ஹோஸ்டோடு பகிரலாம், அது கொஞ்சம் தாராளம்.

டாக்கரில் உலாவி தாவல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போனால் அது வேறு. டெவ் அடைவிலுள்ள எஸ்எச்எம் அங்கே இயல்பாக 64 எம்பிதான். ‘எஸ்எச்எம்-சைஸ்’ விருப்பத்தில் 1 ஜிபி கொடுங்கள்.

## எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

மின்விசிறி அலறும், ப்ராசஸர் எல்லாக் கோரிலும் கொதிக்கும், முப்பரிமாணக் காட்சி தத்தித் தத்தி நகரும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. முதல் மாற்று ஆளை இங்கே சந்திக்கிறோம்.

‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’ போட்டு ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் உங்கள் ஜிபியு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஜிபியுவைத் திறக்க முடியாதபோது மெசா என்ற வரைகலை நூலகம் ப்ராசஸரிலேயே படம் வரையும் மென்பொருள் ரெண்டரருக்கு மாறிவிடும். அதுதான் இது.

ஏன் திறக்க முடியவில்லை? டெவ் அடைவில் டிஆர்ஐ என்ற அடைவுக்குள் போய் ‘எல்எஸ் -எல்என்’ போடுங்கள். ‘என்’ முக்கியம். பெயர்கள் வேண்டாம், எண்கள் வேண்டும். அங்கே கார்டு0, ரெண்டர்டி128 போன்ற இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும் (எண் மாறலாம்), இரண்டுக்கும் மேஜர் எண் 226. படம் வரைய மட்டும் ரெண்டர்டி128 போதும், திரையைக் கட்டுப்படுத்தும் உரிமை கார்டு0-க்கு உரியது.

இப்போது உரிமையாளர் எண்களைப் படியுங்கள். மூன்று விதமாக இருக்கும்.

65534 என்று இருந்தால், ஹோஸ்டின் எண் உள்ளே எதற்கும் பொருந்தவில்லை, கெர்னல் ‘யாரோ’ என்று காட்டுகிறது. கோப்பை வெறுமனே மவுன்ட் செய்தால் இப்படி ஆகும். உள்ளே இருந்து எத்தனை முறை ‘சிஎச்மாட்’ செய்தாலும் மாறாது, அந்தக் கோப்பு உங்களுடையதே இல்லை.

0 என்று இருந்தால் இன்கஸின் ‘ஜிபியு’ வகைச் சாதனம் சேர்த்திருக்கிறீர்கள், ஆனால் குரூப் சொல்லவில்லை. அதன் இயல்பு மதிப்பு ரூட், அனுமதி 0660. ஆகவே உள்ளே ரூட்டாக ஓடினால் வேகமாக இருக்கும், சாதாரணப் பயனராக ஓடினால் எல்எல்விஎம்பைப். இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம். உள்ளே ‘கெட்என்ட் குரூப் வீடியோ ரெண்டர்’ போட்டு எண்ணைக் கண்டுபிடித்து, சாதனத்தின் ஜிஐடி (குரூப் எண்) அமைப்பில் அதைக் கொடுங்கள், பயனரையும் அந்தக் குரூப்பில் சேருங்கள்.

மூன்றாவது விதம் கொஞ்சம் குறும்பு. எண் இருக்கிறது, ஆனால் உள்ளே அந்த எண் வேறு ஏதோ குரூப்புடையது. டெபியன் குடும்பத்தில் வீடியோ குரூப் எப்போதும் 44. ரெண்டர் குரூப்புக்கு அப்படி நிலையான எண் கிடையாது, நிறுவும்போது காலியாக இருப்பது கிடைக்கும். ஹோஸ்டில் ஒன்று, உள்ளே வேறொன்று. டாக்கரில் ‘குரூப்-ஆட்’ விருப்பத்துக்கு ‘ரெண்டர்’ என்று பெயர் கொடுத்தால் இமேஜுக்குள் இருக்கும் குரூப் பட்டியலைத்தான் பார்க்கும். ஹோஸ்டின் எண்ணையே கொடுங்கள்.

என்விடியா கார்டு என்றால் இன்னொரு வாசலும் உண்டு. உள்ளே இருக்கும் என்விடியா நூலகங்களின் பதிப்பும் ஹோஸ்டின் கெர்னல் மாட்யூலின் பதிப்பும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று என்விடியா-எஸ்எம்ஐ சொன்னால் அதுதான். ஹோஸ்டில் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் விட்டாலும் இதே செய்தி வரும், அதனால் முதலில் ஹோஸ்டிலேயே ஓட்டிப் பாருங்கள். உள்ளே டிரைவர் பொதியைத் தனியாக நிறுவாமல், ஹோஸ்டின் நூலகங்களையே உள்ளே காட்டும் வழியில் போனால் இந்தத் தலைவலி இல்லை. இன்கஸில் ‘என்விடியா.ரன்டைம்’ அமைப்பு, டாக்கரில் என்விடியாவின் கன்டெய்னர் டூல்கிட். இன்டெல், ஏஎம்டி கார்டுகளில் மெசா இவ்வளவு கறார் இல்லை, கார்டைவிடப் பழைய மெசா உள்ளே இருந்தால்தான் சிக்கல்.

## சத்தமே இல்லை, ஆனால் நிரல் பாடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது

ஒரு மாலை முழுக்க இதில் போனது எனக்கு. ஒலியளவுப் பட்டை ஏறி இறங்குகிறது, நேரம் ஓடுகிறது, பிழை இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் அமைதி. கேபிளைக் கழற்றி மாட்டிக்கூடப் பார்த்தேன்.

இரண்டாவது மாற்று ஆள். கன்டெய்னருக்குள் ‘பேக்டிஎல் இன்ஃபோ’ போடுங்கள். வரும் விவரத்தில் இரண்டு வரிதான் முக்கியம். சர்வர் ஸ்ட்ரிங் என்பது நீங்கள் எந்த சாக்கெட்டில் பேசுகிறீர்கள் என்று சொல்லும். டிஃபால்ட் சிங்க் என்பது ஒலி எங்கே போகிறது என்று சொல்லும். அங்கே ‘ஆட்டோ_நல்’ என்று இருந்தது. உள்ளே ஒலிச் சர்வர் பொதி நிறுவப்பட்டிருந்ததால், ஹோஸ்டின் சர்வர் கிடைக்காதபோது கன்டெய்னருக்குள்ளேயே ஒன்று தானாக எழுந்திருக்கிறது. அதற்கு ஒலி அட்டை எதுவும் தெரியாது. ஆகவே ‘டம்மி அவுட்புட்’ என்ற பொய் ஸ்பீக்கரை உருவாக்கி, வந்த பாட்டையெல்லாம் நேரம் தவறாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

சரி, தீர்வு இரண்டு பாதி. உள்ளே எழும் ஆளை முதலில் நிறுத்துங்கள். பல்ஸ்ஆடியோவின் கிளையன்ட் அமைப்புக் கோப்பில் ஆட்டோஸ்பான் என்பதை ‘நோ’ ஆக்கி, பயனர் அளவில் பல்ஸ்ஆடியோ, பைப்வயர், பைப்வயர்-பல்ஸ் ஆகிய ஒலிச் சர்வர்களின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் சிஸ்டம்சிடிஎல்லில் மாஸ்க் செய்யுங்கள். சாக்கெட்டை விட்டுவிட்டால் யாராவது தட்டியதும் மறுபடி எழும். அடுத்த பாதி, பல்ஸ் சர்வர் மாறியில் ‘யுனிக்ஸ்:’ என்று தொடங்கி ஹோஸ்டின் சாக்கெட் உள்ளே இருக்கும் பாதையைக் கொடுப்பது. ஹோஸ்டில் பைப்வயர் ஓடினாலும் கவலை இல்லை, பைப்வயர்-பல்ஸ் அதே ரன்டைம் அடைவில், பல்ஸ் அடைவுக்குள் நேட்டிவ் என்ற அதே பெயரில் சாக்கெட்டைத் திறக்கும்.

மறுபடி பேக்டிஎல் இன்ஃபோ. சிங்க் பெயரில் ஹோஸ்டின் ஒலி அட்டை தெரிந்தால் முடிந்தது.

## ‘கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு’, நேற்றுவரை ஓடியது

இந்தச் செய்தியை நன்றாகப் படியுங்கள். ‘அப்படிக் கோப்பு இல்லை’ என்றால் வாசல் இல்லை. ‘ஆக்சஸ் டினைடு’ என்றால் அனுமதி இல்லை, பயனர் எண்ணோ குக்கீயோ பொருந்தவில்லை. ‘கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு’ என்றால் கதவு இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஹோஸ்டில் நீங்கள் வெளியேறி மறுபடி நுழைந்திருப்பீர்கள், அல்லது ஒலிச் சர்வரை மறுதொடக்கம் செய்திருப்பீர்கள். புதுச் சர்வர் அதே பெயரில் புது சாக்கெட்டை உருவாக்கியது. ஆனால் மவுன்ட் பெயரைப் பிடித்துக்கொள்வதில்லை, ஐநோடை (கோப்பின் உள் எண்) பிடித்துக்கொள்கிறது. கன்டெய்னர் இன்னும் செத்துப்போன பழைய சாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹோஸ்டிலும் உள்ளேயும் ‘எல்எஸ் -ஐ’ போட்டு எண்ணை ஒப்பிட்டால் கையும் களவுமாகப் பிடிபடும்.

கோப்பை மவுன்ட் செய்யாமல் அது இருக்கும் அடைவை மவுன்ட் செய்தால் சர்வர் மறுதொடக்கத்தைத் தாங்கும். முழுதாக வெளியேறி நுழைந்தால் அதுவும் தாங்காது, ஏனெனில் ரன்டைம் அடைவே புதிது. ப்ராக்ஸி சாதனம் ஒவ்வொரு இணைப்பின்போதும் பாதையைப் புதிதாகத் திறப்பதால் இரண்டையும் தாங்கும். ஒலிக்கு நான் வேறு எதையும் இப்போது பயன்படுத்துவதில்லை.

## ஒலி பொரிகிறது, விட்டு விட்டு வருகிறது

பல்ஸ் லேட்டன்சி எம்செக் மாறியை 60 ஆக வைத்து ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீரும். தீராவிட்டால் கன்டெய்னருக்கு ப்ராசஸர் வரம்பு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வள வரம்புகளை நடத்தும் சிகுரூப்பின் ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் ‘என்ஆர்_த்ராட்டில்டு’ எண் ஏறிக்கொண்டே இருந்தால், கெர்னல் உங்கள் நிரலை நொடிக்குப் பல முறை தூங்க வைக்கிறது. சராசரிப் பயன்பாடு குறைவாகத் தெரிந்தாலும் இது நடக்கும். நேர ஒதுக்கீட்டு வரம்பை எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் கோர் எண்ணிக்கையாகக் கட்டுப்படுத்துங்கள்.

## ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’

டெவ் அடைவின் எஸ்என்டியை (ஒலி அட்டையின் சாதனக் கோப்புகள்) நேரே உள்ளே கொடுத்திருக்கிறீர்கள், ஹோஸ்டின் பைப்வயர் ஏற்கெனவே அட்டையைப் பிடித்து வைத்திருக்கிறது. தனி ஒலி அட்டை ஒன்றைக் கன்டெய்னருக்கே ஒதுக்கும் எண்ணம் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம். ஒலி அட்டையோடு நேரே பேசும் ஆல்சா மட்டும் தெரிந்த பழைய நிரலுக்கு, உள்ளே ஆல்சாவின் பல்ஸ் ப்ளக்இன்னை நிறுவி, டிஃபால்ட் சாதனத்தைப் பல்ஸுக்குத் திருப்பினால் போதும்.

## ஐபி முகவரியே வரவில்லை

முதலில் உள்ளே பூட் ஒழுங்காக முடிந்ததா? சிகுரூப் பதிப்பு 2 மட்டும் இருக்கும் புதிய ஹோஸ்டில், சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய சிஸ்டம்டி எழவே எழாது. அப்போது நெட்வொர்க்கைத் தோண்டிப் பயனில்லை.

பூட் ஆகியும் முகவரி இல்லையென்றால் பெரும்பாலும் ஹோஸ்டின் ஃபயர்வால். பிரிட்ஜில் முகவரி கொடுப்பது ஹோஸ்டிலேயே ஓடும் டிஎன்எஸ்மாஸ்க். கன்டெய்னரின் டிஎச்சிபி கேள்வி யுடிபி 67-இல் ஹோஸ்டுக்குள் நுழைய வேண்டும், பெயர்க் கேள்விகள் 53-இல். யுஎஃப்டபிள்யூ போன்றவை இரண்டையும் அடைத்துவிடும். அந்தப் பிரிட்ஜில் உள்வருவதையும், அதன் வழியாகக் கடந்து செல்வதையும் அனுமதியுங்கள். இரண்டும் தனித்தனி விதி. ஃபயர்வால்டி என்றால் பிரிட்ஜை ‘ட்ரஸ்டட்’ மண்டலத்தில் போடுங்கள்.

## முகவரி வந்தது, பிரிட்ஜ் வரை பிங் போகிறது, வெளியே போகவில்லை

இந்தக் கணினியில் டாக்கரும் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அநேகமாக விடை கிடைத்துவிட்டது. டாக்கர் எழும்போது, கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலான ஃபார்வர்டு செயினின் இயல்புக் கொள்கையை ‘டிராப்’ ஆக்கிவிடும். தன் கன்டெய்னர்களுக்கு மட்டும் வழி திறந்து வைக்கும், இன்கஸின் பிரிட்ஜ் பற்றி அதற்குத் தெரியாது.

இன்கஸ் தன் விதிகளில் ‘அக்செப்ட்’ போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கெர்னலின் பாக்கெட் வடிகட்டியான நெட்ஃபில்டரில் ஒரு செயினின் அக்செப்ட் அந்தச் செயினோடு முடிகிறது. அதே இடத்தில் கொக்கிபோட்ட மற்ற செயின்களும் பார்க்கும். யாராவது ஒருவர் டிராப் சொன்னால் அதுவே முடிவு. டாக்கர்-யூசர் என்ற செயின் இதற்காகவே விடப்பட்டிருக்கிறது. பிரிட்ஜிலிருந்து வருவதை ஏற்கும் ஒரு விதி, பிரிட்ஜுக்குத் திரும்பும் பதில்களை ஏற்கும் ஒரு விதி, இரண்டையும் அதில் சேருங்கள். டாக்கர் இல்லையென்றால் ஐபி ஃபார்வர்டு 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

## எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை

ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 இருந்தால் உடனே குற்றம் சொல்லாதீர்கள். மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். அந்த முகவரியில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? கன்டெய்னருக்குள் சிஸ்டம்டி-ரிசால்வ்டி ஓடினால் அந்த முகவரி சரியானதே. ஹோஸ்டின் கோப்பை நகலெடுத்து வைத்திருந்தால் தவறு, ஏனெனில் கன்டெய்னரின் 127 அதற்கே உரியது, ஹோஸ்டுடையது அல்ல. உள்ளே ‘எஸ்எஸ் -எல்என்யு’ போட்டு 53-இல் யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். டாக்கரில் நீங்களாக உருவாக்கிய நெட்வொர்க்கில் 127.0.0.11 தெரிந்தால் அது டாக்கர் வைத்த ஆள்தான், விட்டுவிடுங்கள்.

## சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன

பிங் போகிறது, பெயர் கிடைக்கிறது, சிறிய பக்கங்கள் வருகின்றன. பெரிய பக்கமோ பொதி இறக்கமோ தொடங்கி அப்படியே நிற்கிறது. ஹோஸ்டில் அதே தளம் நன்றாகத் திறக்கிறது. ஹோஸ்டில் விபிஎன் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

வயர்கார்டு என்ற விபிஎன்னின் இன்டர்ஃபேஸில் வழக்கமான எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420. கன்டெய்னரின் வெத் 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. டிசிபி இணைப்பைத் தொடங்கும்போது ஒவ்வொரு பக்கமும் ‘எனக்கு இவ்வளவு பெரிய துண்டு அனுப்பலாம்’ என்று சொல்லும். ஹோஸ்ட் விபிஎன் இன்டர்ஃபேஸைப் பார்த்து 1380 என்று சொல்கிறது. கன்டெய்னர் தன் வெத்தைப் பார்த்து 1460 என்று சொல்கிறது. தொலைவிலுள்ள சர்வர் நம்பி 1500 அளவுப் பாக்கெட்டை அனுப்புகிறது, அது விபிஎன்னின் மறுமுனையில் நுழைய முடியாமல் நிற்கிறது. ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்ற ஐசிஎம்பி செய்தி வழியில் எங்கோ ஒரு ஃபயர்வாலில் விழுந்துவிட்டால், சர்வர் அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். சின்னப் பக்கங்கள் வருவது அவை சின்னவை என்பதால்.

சோதிப்பது எளிது. கன்டெய்னரிலிருந்து பிங்கில் ‘-எம் டூ’ போட்டு, பாக்கெட்டைத் துண்டாக்கத் தடை சொல்லி, ‘-எஸ் 1472’ கொடுங்கள். தலைப்புகளுக்கான 28 பைட் சேர்ந்து 1500. ‘ஃப்ராக் நீடட்’ என்று 1420-ஐக் காட்டினாலோ பதிலே வராவிட்டாலோ, 1392 கொடுத்துப் பாருங்கள். அது போய் 1393 நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இன்கஸில் நெட்வொர்க்கின் ‘பிரிட்ஜ்.எம்டியு’ மதிப்பை 1420 ஆக்கிக் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யுங்கள். அல்லது ஹோஸ்டின் ஃபார்வர்டு செயினில் டிசிபி துண்டின் அளவான எம்எஸ்எஸ்ஸைப் பாதைக்கு ஏற்பக் குறைக்கும் க்ளாம்ப் விதி போடுங்கள். டாக்கரில் டீமன் அமைப்பில் எம்டியு எழுதினால் அது இயல்புப் பிரிட்ஜுக்கு மட்டும்தான், கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைச் செய்தும் மாறவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்பார்கள்.

## உலகம் முழுக்கப் போகிறது, ஹோஸ்டுக்கு மட்டும் போகவில்லை

மேக்விலான், அதாவது ஹோஸ்டின் அட்டைமேல் தனி மேக் முகவரியோடு அமைக்கும் மெய்நிகர் அட்டை. அதன் இயல்பே அதுதான், தாய் இன்டர்ஃபேஸும் அதன்மேல் உள்ள மேக்விலானும் ஒன்றோடொன்று பேசாது. ஹோஸ்டிலும் ஒரு மேக்விலான் இன்டர்ஃபேஸ் உருவாக்குங்கள், அல்லது பிரிட்ஜுக்கு மாறுங்கள்.

வைஃபை மேல் பிரிட்ஜோ மேக்விலானோ போட்டு முகவரி வரவில்லை என்றால் அமைப்பில் தேட வேண்டாம். வைஃபை அட்டை தன் மேக் முகவரி ஒன்றோடு மட்டும் அணுகல் புள்ளியில் பதிந்திருக்கிறது, பின்னால் வேறு மேக் முகவரிகளை அது ஏற்காது. நேட் பிரிட்ஜ் அல்லது ஹோஸ்டின் மேக் முகவரியையே பகிரும் ஐபிவிலான்தான் வழி.

## உள்ளே சர்வர் ஓடுகிறது, ஹோஸ்டிலிருந்து திறக்க முடியவில்லை

‘எஸ்எஸ் -எல்டிஎன்’ போடுங்கள். 127.0.0.1 என்று கேட்டுக்கொண்டிருந்தால் கன்டெய்னருக்கு வெளியே அது யாருக்கும் கேட்காது. மேம்பாட்டுச் சர்வர்கள் பலவும் இயல்பாக இப்படித்தான் எழும். 0.0.0.0-இல் கேட்கச் சொல்லுங்கள். மாற்ற முடியாத நிரல் என்றால் இன்கஸின் ப்ராக்ஸி சாதனம் இங்கும் கைகொடுக்கும். அதன் இணையும் பக்கம் கன்டெய்னருக்குள் இருப்பதால் உள்ளே உள்ள 127.0.0.1-ஐயே அடையும்.

## உள்ளே விபிஎன் எழவில்லை

டெவ் அடைவில் நெட், அதற்குள் டன் என்ற கோப்பு இருக்கிறதா? எழுத்துச் சாதனம், மேஜர் 10, மைனர் 200. இல்லையென்றால் சாதனமாகச் சேருங்கள். வயர்கார்டுக்கு அது தேவைப்படாது, அதன் மாட்யூல் ஹோஸ்டில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருந்து ‘மாட்ப்ரோப்’ செய்து ஏற்ற முடியாது, ஹோஸ்டில் ஒருமுறை ஏற்றிவிட்டு வந்து மறுபடி முயலுங்கள்.